பத்துக்கு ஒன்பது

பிப்ரவரி 27, வியாழன்

எனக்கு இப்போது இரண்டு நாட்குறிப்புகள். ஒன்று பச்சை அட்டை போட்டது. மேலே 'அலுவலகப் பயிற்சி நாட்குறிப்பு' என்று அச்சடித்திருக்கும். அலுவலக மேலாண்மையும் செயலர் பயிற்சியும் படிக்கிற மூன்றாம் ஆண்டுக்காரிகள் பதினோரு பேரும் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தில் தொண்ணூறு நாள் வேலை பழக வேண்டும், பழகியதை அதில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் சூப்பிரண்டு தளவாய் சார் கையெழுத்துப் போடுவார். 'கோப்புகளை அகர வரிசையில் அடுக்கினேன்' என்று எழுதினால் அவருக்குப் போதும். இது மற்ற நோட்டு. இதை யாரும் பார்க்கப் போவதில்லை. விடுதியில் என்னோடு அறையில் இருக்கிற பெல்சியாகூட. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பச்சை நோட்டில் இன்றைக்கு 'தொலைபேசி அழைப்புகளைக் கையாண்டேன்' என்று எழுதினேன். பதினொன்றரைக்கு வேதியியல் துறையிலிருந்து போன். ஆய்வகத்தில் சுவரோரம் நின்ற மர அலமாரி சரிந்துவிட்டது. ஆசிட் பாட்டில்கள் உடைந்து மஞ்சரி என்ற இரண்டாம் ஆண்டு மாணவியின் வலது கையில் முழங்கை வரை கொட்டிவிட்டது. ஆம்புலன்சுக்கு நான்தான் பேசினேன். எந்த வாசல், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தளவாய் சார் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "பதறாம பேசினம்மா. இதான் வேணும்" என்றார்.

அந்த அலமாரி ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்ததாம். சாயங்காலம் எல்லோரும் அதையேதான் பேசினார்கள். எனக்குத் தலைவலி. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

வேதியியல் ஆய்வக உதவியாளர் ஆவுடையம்மாள் விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஆணை. நான்தான் தட்டச்சு செய்தேன். மூன்று நகல். 'அலமாரியின் பழுதை உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறியமையால்' என்று காரணம். பதினான்கு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறவர். குற்றம் நிரூபணம் ஆனால் வேலை போய்விடும் என்று தளவாய் சார் சொன்னார். ஆணையில் ஒரு பிழை இல்லை. இரண்டு பக்க ஓரமும் நூல் பிடித்ததுபோல் வந்திருந்தது.

அந்த அம்மா வந்து ஆணையை வாங்கினார். கையெழுத்துப் போடச் சொன்னதும் போட்டார். நான் அந்த நேரத்தில் அச்சுப்பொறியில் தாள் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, சனி

துணி துவைத்தேன். ரெக்கார்டு நோட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 3, திங்கள்

விசாரணைக் குழு போட்டாயிற்று. பேராசிரியர் ஞானதுரை தலைவர், வேறு துறைகளிலிருந்து இரண்டு பேர் உறுப்பினர்கள், தளவாய் சார் செயலர். குறிப்பெடுக்க ஆள் இல்லை, அலுவலகச் சுருக்கெழுத்தர் பேறுகால விடுப்பில் இருக்கிறார்.

"சங்கரேஸ்வரி, நீ தமிழ்ச் சுருக்கெழுத்துல ஹையர் கிரேடு பரீட்சை முடிச்சிட்டேல்ல?"

"முடிச்சிட்டேன் சார்."

"அப்ப நீயே உக்காந்து எழுது. இப்படி ஒரு அனுபவம் மத்த பத்துப் பேருக்கும் கிடைக்காது."

வேறு யாரையாவது போடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரி சார்" என்றுதான் வந்தது. பெல்சியாவிடம் சொன்னதும் அவள் குதித்தாள். "ஏட்டி, நேரா விசாரணைக் கமிஷன்லயே போய் உக்காரப் போறியா! நாங்கல்லாம் இன்னும் கவர்ல ஸ்டாம்பு ஒட்டிக்கிட்டு இருக்கோம்" என்றாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

முதல் அமர்வு. பத்தரைக்குத் தொடங்கியது. மூன்று பென்சில் சீவி வைத்திருந்தேன். மேஜையின் கடைசியில், சன்னலுக்கு முதுகைக் காட்டி எனக்கு நாற்காலி. முகத்தில் வெளிச்சம் விழாத இடம்.

சுருக்கெழுத்து வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, அர்த்தத்தைக் கேட்காதே, ஓசையைக் கேள் என்பதுதான். அர்த்தத்தைப் பிடிக்கப் போனால் கை நின்றுவிடும். அது எனக்கு நன்றாகவே வரும். நிமிடத்துக்கு நூறு சொல் எழுதுவேன், கடைசியில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்றைக்கு அது வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் அர்த்தத்தோடு வந்து விழுந்தது.

ஆவுடையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த நீலச் சேலை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

ஞானதுரை சார் கேட்டார்: "அலமாரி ஆடுறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பொங்கலுக்கு முன்னாடியே தெரியும்யா. கீழ ஒரு கால் இத்துப்போச்சு. நான்தான் செங்கல முட்டுக் குடுத்து வச்சிருந்தேன்."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"சொன்னேன்யா. துறையில வாயால சொன்னேன், எழுதிக் குடுன்னாவ. எழுதி ஆபீஸ்ல குடுத்தேன். பொங்கல் கழிஞ்சு ஒரு வாரத்துல."

"யார்ட்ட குடுத்தீங்க?"

"தபால் வாங்குத எடத்துல ஒரு பிள்ள இருந்துச்சு. அதுட்ட குடுத்தேன். பாத்துக்கிடுதேன்னு சொல்லிச்சு. மறுநா போனேன், அந்தப் பிள்ளயக் காணல. சரி, உள்ள போயிருக்கும்னு வந்துட்டேன்."

"யார் அந்தப் பொண்ணு? பேர்?"

"பேரு தெரியாதுய்யா."

"முகம்?"

அவர் தளவாய் சாரைப் பார்த்தார். உறுப்பினர்களைப் பார்த்தார். பிறகு மேஜையின் இந்தக் கோடியைப் பார்த்தார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், ஆனாலும் பார்க்கிறார் என்று தெரிந்தது. பென்சில் முனை உடைந்தது. அடுத்த பென்சிலை எடுத்தேன்.

"முகம் ஞாபகம் இல்லைய்யா" என்றார்.

அவரை அனுப்பிய பிறகு தளவாய் சார் தபால் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஜனவரி முழுக்க வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஒரு கடிதமும் பதிவாகவில்லை. "வர்ற தாள் ஒவ்வொண்ணுக்கும் முத்திரை, தேதி, நம்பர் உண்டு சார். ரெஜிஸ்டர்ல இல்லன்னா அந்தக் கடிதமே இல்ல" என்றார். ஞானதுரை சார் என் பக்கம் திரும்பி, "இதை எழுத வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு, "பதிவாகாம இருந்தது ஒரு வகையில நமக்கு நல்லதுதான். பல்கலைக்கழகத்துக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்ததுன்னு அந்தப் பொண்ணோட அப்பா வழக்குப் போட முடியாது" என்றார். நிறுத்து என்று சொல்லும்வரை எழுதிப் பழகிய கை. 'இதை எழுத வேண்டாம்மா' என்பதையும் சேர்த்து எழுதிவிட்டது. பிறகு பார்த்து அடித்தேன்.

மார்ச் 8, சனி

தலைக்குக் குளித்தேன். விடுதியில் இட்லி. இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்து தளவாய் சாரிடம் கொடுத்தேன். சிவப்பு மையால் ஒரு பத்தியை அடித்தார். தபால் வாங்கிய பெண், பாத்துக்கிடுதேன் என்று சொன்னது, மறுநாள் வந்து தேடியது எல்லாம் போயிற்று. அதற்குப் பதிலாக ஓரத்தில், 'அலுவலகத்தில் கடிதம் கொடுத்ததாகக் கூறுகிறார். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை' என்று எழுதினார்.

"சார், அவங்க சொன்னது..."

"கூட்டக் குறிப்புன்னா முடிவுதாம்மா முக்கியம். பேசினது எல்லாம் இல்ல. பாடத்துல படிச்சிருப்பியே."

படித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "ஜனவரியில பதினோரு பிள்ளைங்க தபால்ல மாறி மாறி உக்காந்தீங்க. யார் எந்த நாளுன்னு நான் தேடப் போறதில்ல. தேடினா கிடைக்கும். கடிதம் வந்துச்சுன்னு ஆனா, வந்த கடிதத்துக்கு இந்த ஆபீஸ் பதில் சொல்லணும். சூப்பிரண்டு நான் பதில் சொல்லணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சுருக்கெழுத்தர் திரும்பி வர ஆறு மாசம் ஆகும். தற்காலிகமா ஒரு ஆள் போடலாம்னு பதிவாளர் சொல்றார். உன் பேரைத்தான் எழுதியிருக்கேன்."

"ரொம்ப நன்றி சார்" என்றேன். அடித்ததை அடித்தபடியே திருத்தி, புது நகல் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பத்தி போனதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதினால் நெஞ்சில் கொஞ்சம் இடம் கிடைக்குமா என்று பார்ப்போம்.

ஜனவரி 22, புதன்கிழமை. தபால் பிரிவில் முத்திரை குத்துகிற அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். ஆவுடையம்மாள் வந்து, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்றை நீட்டினார். 'அய்யா அந்த பீரோ ஆடுது' என்று எடுத்த எடுப்பிலேயே தொடங்கியிருந்தது. பொருள் இல்லை. பார்வை இல்லை. பெறுநர் கீழே கிடந்தார். துறைத் தலைவர் வழியாக என்ற குறிப்பும் இல்லை. நான் வாங்கி முத்திரை குத்தி, நம்பர் போட்டு, உள்ளே அனுப்பியிருந்தால் போதும். அது மட்டும்தான் என் வேலை.

நான் மேதாவி அல்லவா. "அக்கா, இப்படிக் குடுத்தா திருப்பி அனுப்பிருவாவ. முறைன்னு ஒண்ணு இருக்கு. நான் அழகா டைப் பண்ணி வைக்கேன். நாளைக்கு வந்து ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றேன்.

"நீ பாத்துக்கிடுவல்லா தாயி?"

"பாத்துக்கிடுதேன்."

மறுநாள் வியாழன், அன்றைக்கு மட்டும் எங்களுக்குத் துறையில் சிறப்பு வகுப்பு. வெள்ளிக்கிழமை என்னைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வாரம்தான் கடித வரைவு ரெக்கார்டு முடிக்க வேண்டிய கெடு. பத்து மாதிரிக் கடிதங்கள் வேண்டும், என்னிடம் ஒன்பதுதான் இருந்தது. முறையீட்டுக் கடிதம் பாக்கி. கற்பனையாக ஒன்று யோசிக்கச் சோம்பல்பட்டேன். கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. அனுப்புநர், பெறுநர், வழி, பொருள் எல்லாம் போட்டு மூன்று பத்தியில் தட்டச்சு செய்து நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒட்டினேன். அசல் வரைவைப் பின்னால் இணைக்க வேண்டும் என்பது விதி. அவருடைய தாளை அப்படியே பின் அடித்தேன்.

ஜனவரி 31-ஆம் தேதி எங்கள் பேராசிரியை திருத்தித் தந்தார். பத்துக்கு ஒன்பது. கீழே சிவப்பு மையில், 'வடிவம் மிக நன்று. உண்மைபோலவே இருக்கிறது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். விடுதி முழுக்கக் காட்டிப் பெருமை அடித்தேன்.

ஆவுடையம்மாளின் நினைப்பே எனக்கு வரவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லலாம். மறந்தது உண்மைதான். ஆனால் பிப்ரவரி நடுவில் ஒருநாள் வராந்தாவில் அவரை எதிரே பார்த்தேன். உடனே நினைவு வந்தது. வேறு மாடிப்படியில் ஏறிப் போய்விட்டேன். அப்போது அலமாரி நின்றுகொண்டுதான் இருந்தது. சரிவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நெஞ்சில் இடம் ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ரெக்கார்டில் நாற்பத்தொன்றாம் பக்கம் கழன்று வந்துவிட்டது. பசை சரியில்லை. செய்முறைத் தேர்வுக்காக 21-ஆம் தேதி ரெக்கார்டை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் வேறு ஒரு முறையீட்டுக் கடிதம் தயார் செய்து ஒட்டிவிட வேண்டும்.

பெல்சியா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பசையா? ஓரம் கிழிஞ்சிருக்கு, நூலு தொங்குது. என்னட்டி மறைக்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் எழுந்து வந்து என் கையிலிருந்து தாளை வாங்கினாள், ஆறேழு வரிதான் படித்திருப்பாள். முகம் மாறியது. "எரிக்கணும்னா எரி. நான் பாக்கலன்னு சொல்லுதேன். ஆனா எனக்கு முன்னாடி எரிக்காத" என்றாள். தாளைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

எரிக்கவில்லை. இந்த நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். நூல் தொங்குவது உண்மை. நான்தான் கிழித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாம் அமர்வு. மஞ்சரி வந்திருந்தாள், கூட அவள் அப்பா. வலது கை தோள்வரை வெள்ளைக் கட்டு. பத்தொன்பது வயது, பார்த்தால் இன்னும் சின்னவளாகத் தெரிகிறாள். அவள் பேசுவதை நான் எழுதினேன்.

"ரெண்டு விரல் அசையல சார். தோல் வச்சுத் தைக்கணும்னு சொல்லியிருக்காங்க. ஏப்ரல் பரீட்சைக்கு நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் போட்டுத் தரணும். சமன்பாடெல்லாம் வாயால எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வாக்குமூலத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்தது. போட்டு முடித்து என் நோட்டை எட்டிப் பார்த்து, "இவ்வளவு வேகமா எழுதுறீங்களேக்கா, கை வலிக்காதா?" என்றாள்.

வலிக்காது என்று தலையாட்டினேன். அவள் அப்பா அவளுடைய செருப்பை எடுத்து நேராக வைத்தார். ஆவுடையம்மாளின் வேலையைப் பற்றித்தான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். இந்தக் கையைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தை எழுதினேன்.

மார்ச் 15, சனி

பின் ஊசி வாங்கப் பல்கலைக்கழக வாசல் கடைக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்தில் ஆவுடையம்மாள் நின்றுகொண்டிருந்தார். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன்.

"ஏ பிள்ள, நில்லு."

நின்றேன்.

"நீதான்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு உள்ள நொழஞ்சதுமே தெரிஞ்சிட்டு."

"அப்பம் ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"சொல்லி? நான் உன்னயக் கையக் காட்டுவேன், நீ நான் இல்லம்ப. பாட்டில் கழுவுதவ சொல்லுததையா எடுப்பாவ, எழுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ள சொல்லுததையா? அதுக்கு மேல, ஒருக்கா நீ 'நான் இல்ல'ன்னு சொல்லிட்டன்னா பொறவு உன்னால மாத்த முடியாது. நீ நெனச்சாலும் முடியாது. அதான் வாய மூடிக்கிட்டு நிக்கேன். உனக்கு வழிய அடைக்காம வச்சிருக்கேன், வேற என்ன?"

"அக்கா, நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சியா, வேண்டாம்னு செஞ்சியான்னு நான் கேக்கல. புதன்கெழம கடைசியா கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்காவ. அதுவரைக்கும் பாப்பேன். அதுக்கு அங்கிட்டுப் பாக்க எனக்கு ஒண்ணும் இல்ல."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார். பின் ஊசி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

அப்பா போன் செய்தார். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்தினார். "யுனிவர்சிட்டி ஆபீஸ்ல வேலை தாறாவளாம்ல! உங்க அம்மை தெரு பூரா சொல்லிட்டா!" போன வாரம் நான்தான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். "இன்னும் உறுதி ஆகலப்பா" என்றேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பென்சில் சீவினேன். புது முறையீட்டுக் கடிதம் ஒன்று தட்டச்சு செய்தேன், தெருவிளக்கு எரியவில்லை என்று. நன்றாகவே வந்திருக்கிறது. ஒட்டவில்லை.

மார்ச் 19, புதன்

கடைசி அமர்வு. அறிக்கை தயார், நான்தான் தட்டச்சு செய்தது. ஆவுடையம்மாளின் வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி. வாசிப்பது குறிப்பெடுத்தவரின் வேலை.

எழுந்து நின்று வாசித்தேன். செங்கல் முட்டுக் கொடுத்ததுவரை வாசித்தேன். பிறகு, "அலுவலகத்தில் கடிதம் கொடுத்ததாகக் கூறுகிறார். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை."

"இதுவா நான் சொன்னது?" என்றார் ஆவுடையம்மாள். "அய்யா, நான் சொன்னத அப்படியே வாசிக்கச் சொல்லுங்க. கையெழுத்துப் போடப் போறவ நான்லா."

தளவாய் சார், "சாராம்சம் அதுதாம்மா" என்றார். ஞானதுரை சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இவங்க திருப்திக்கு வாசிக்கட்டும். நோட்டைப் பார்த்தே வாசிம்மா. சீக்கிரம் முடியும்."

சுருக்கெழுத்து நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினேன். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம். அந்த நினைப்பும் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"'தபால் வாங்குத எடத்துல ஒரு பிள்ள இருந்துச்சு. அதுட்ட குடுத்தேன். பாத்துக்கிடுதேன்னு சொல்லிச்சு. மறுநா போனேன், அந்தப் பிள்ளயக் காணல.'" நிறுத்தாமல் வாசித்தேன். "தலைவர் கேள்வி: 'யார் அந்தப் பொண்ணு? பேர்?' 'பேரு தெரியாதுய்யா.' 'முகம்?'"

அடுத்த வரிக்கு வந்தேன். முகம் ஞாபகம் இல்லைய்யா. சின்னச் சின்னக் கோடுகள், நான் போட்டவைதான். வாய் வரவில்லை. ஆவுடையம்மாள் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிம்மா" என்றார் ஞானதுரை சார்.

"அந்தப் பொண்ணு நான்தான்."

நான் இன்னும் வாசிப்பதாகவே அவர் நினைத்துவிட்டார். "என்னது? இது நோட்ல இருக்கா?"

"இல்ல சார். நோட்ல இல்ல. நான் சொல்றேன். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி அந்தக் கடிதத்தை வாங்கினது நான். பதிவு பண்ணல."

கைப்பையிலிருந்து நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். முன்னால் நான் தட்டச்சு செய்தது, பின்னால் கோடு போட்ட தாள், 'அய்யா அந்த பீரோ ஆடுது'. ஞானதுரை சார் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். சிவப்பு மையையும் தேதியையும் பார்த்தார். "பத்துக்கு ஒன்பதா?" என்றார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

தளவாய் சார் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை. முட்டாளே என்பதுபோல இருந்தது.

இனி நான் சாட்சி, நான் குறிப்பெடுக்கக் கூடாது என்றார்கள். நோட்டையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டார்கள். சுருக்கெழுத்துத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் தளவாய் சாரே வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். என்னை ஆவுடையம்மாளுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். சொல்லத் தொடங்கினேன்.

"மெதுவா" என்றார் தளவாய் சார். "என்னால அவ்வளவு வேகமா எழுத முடியாது."

மெதுவாகச் சொன்னேன். ஒரு வாக்கியம் சொல்லி, அவர் பேனா நிற்கும்வரை காத்திருந்து, அடுத்த வாக்கியம். காத்திருக்கிற நேரத்தில் சொன்னது திரும்பக் காதில் கேட்டது. கடிதத்தை வாங்கினேன். என் ரெக்கார்டுக்காக வைத்துக்கொண்டேன். பிப்ரவரியில் நினைவு வந்தும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் கைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

"விபத்துக்குப் பிறகு ஏன் சொல்லல?" என்றார் ஞானதுரை சார்.

"பயம் சார்."

"வேற?"

"வேலை கிடைக்கும்னு ஆசை சார்."

"ஆபீஸ்ல வேற யாருக்காவது இது தெரியுமா?"

பேனா நின்றது. தளவாய் சார் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் யார்ட்டயும் சொல்லல சார்" என்றேன். அது உண்மை. பாதி உண்மை. தைரியம் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. பேனா மறுபடி ஓடியது.

நான்கு பக்கம் வந்தது. வாசித்துக்காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் ஆணை வந்தது. பெல்சியாதான் தட்டச்சு செய்தாள், அவளை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆவுடையம்மாள் மீதான நடவடிக்கை ரத்து, திங்கள்முதல் பணிக்கு வரலாம். தளவாய் சாரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என் அலுவலகப் பயிற்சி செல்லாது, ஜூன் மாதத்திலிருந்து தொண்ணூறு நாளும் மறுபடி செய்ய வேண்டும். ரெக்கார்டை வாங்க மாட்டார்கள், ஆகவே செய்முறைத் தேர்வும் இல்லை. பட்டம் இந்த வருடம் கிடையாது. மஞ்சரியின் அப்பாவுக்கு என் வாக்குமூலத்தின் நகல் போகிறது. அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. எது செய்தாலும் நான் குறை சொல்ல முடியாது.

அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சரி" என்றார். போனை வைத்துவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

எல்லோரும் செய்முறைத் தேர்வுக்குப் போய்விட்டார்கள். நான் வேதியியல் கட்டடத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

ஆய்வகத்தில் இரும்பு அலமாரி வந்திருந்தது. ஆவுடையம்மாள் தொட்டியில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"பரீச்ச இல்லையா?"

"எழுத விடலக்கா."

"ம்." ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "சொல்லிட்ட. நல்லதுதான். சொல்லாமப் போயிருவன்னுதான் நெனச்சேன்."

நான் நின்றேன். இன்னும் ஏதாவது வருமா என்று நின்றேன்.

அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உன்ட்ட எல்லாத்தையும் அன்னைக்கு எழுதி வாங்கிட்டாவல்லா. ஒண்ணு விட்டுப்போச்சு. இந்த இருவத்தி நாலு நாளும் எங்க தெருவுல யாரும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடல. பிள்ள கையப் பொசுக்குனவன்னு கூப்பிட்டாவ. எம் மவளே ஒருநா கேட்டா, ஏம்மா செங்கல் வச்ச, சொல்லித் தொலைச்சிருக்கலாம்லன்னு. அதையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.